சிறுநீர்ச் சோதனையை வைத்தே கிட்னித் தொற்றை உறுதி செய்ய முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் திடீரென்று குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே, முதுகை ஒட்டி வலி. வாந்தியும் எடுத்தார். ஒரு மருத்துவமனையில் சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, "நைட்ரைட் நெகட்டிவ், யூரின் இன்ஃபெக்ஷன் இல்லை, வைரஸ் காய்ச்சலாக இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் மோசமாகி வேறு இடத்தில் சேர்த்தோம். கிட்னியில் தொற்று என்று ஊசி மருந்து போட்டுக் குணமாக்கினார்கள். போன மாதம் வழக்கமான செக்கப்பில் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுத்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் ஈ.கோலை கிருமி, பஸ் செல் 15–20 என்று வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ எதுவும் இல்லை. மறுபடி கிட்னிக்குப் போய்விடக் கூடாது என்று பயந்து ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். இப்போது என்ஜிஏஎல் என்று ஒரு புதிய சிறுநீர்ச் சோதனை இருப்பதாகப் படித்தேன். தொற்று கிட்னியில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் சோதனை அதுதானா? மாதம் ஒரு முறை அம்மாவுக்கு எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவுக்கு நடந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் முறை உடம்பு முழுக்கக் கிட்னித் தொற்றின் அடையாளங்கள் இருந்தன. பட்டை மட்டும் "தொற்று இல்லை" என்றது. அங்கே பட்டையை நம்பினார்கள். இரண்டாவது முறை உடம்பில் ஒன்றுமே இல்லை, ரிப்போர்ட் மட்டும் "கிருமி இருக்கிறது" என்றது. அப்போதும் ரிப்போர்ட்டைத்தான் நம்பினீர்கள். முதல் முறை வேண்டிய மருந்து இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது. இரண்டாவது முறை வேண்டாத மருந்து உள்ளே போனது. உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு முறை பயந்துபோன குடும்பம் அப்படித்தான் செய்யும். ஆனால் சிறுநீரில் பார்க்கிற ஒவ்வொரு குறியீடும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை இரண்டு தவறும் நடக்காது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். "தொற்று கிட்னியில்தான் இருக்கிறது" என்று தனியாக நின்று உறுதி கொடுக்கும் சிறுநீர்ச் சோதனை நடைமுறையில் இன்று இல்லை. என்ஜிஏஎல்லும் அப்படிப்பட்ட சோதனை அல்ல. சிறுநீர் சொல்வதை, நோயாளியின் உடம்பு சொல்வதோடு சேர்த்துப் படித்தால்தான் கிட்னித் தொற்று என்ற முடிவுக்கு வர முடியும்.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் அம்மா விஷயத்தில் ஏமாற்றியது அதுதான். பட்டையில் பல கட்டங்கள் இருக்கும். தொற்றுக்காக நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. ஒன்று நைட்ரைட், இன்னொன்று லூக்கோசைட் எஸ்டரேஸ்.

நாம் சாப்பிடும் உணவிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு சிறுநீருக்கு வருகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்ற கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். பட்டையில் அது இளஞ்சிவப்பு நிறம் காட்டும். இந்த நிறமாற்றத்தின் அடிப்படை ரசாயனத்தைக் கண்டுபிடித்தவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். 19-ஆம் நூற்றாண்டு வேதியியல்தான் இன்றும் நம் கையில் இருக்கும் பட்டையில் வேலை செய்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கிருமி நைட்ரேட்டை மாற்றுவதற்குச் சிறுநீர் ஏறத்தாழ 4 மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கியிருக்க வேண்டும். தொற்று வந்தவருக்கு அரை மணிக்கு ஒரு தடவை சிறுநீர் வரும். தங்குவதற்கு நேரம் எங்கே? அப்புறம், எல்லாக் கிருமியும் இந்த வேலையைச் செய்யாது. என்டெரோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபிட்டிகஸ், கேண்டிடா என்ற பூஞ்சை ஆகியவை நைட்ரைட் உண்டாக்குவதில்லை. வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டாலும் நிறம் மாறாமல் போகலாம். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப் போனாலும் அப்படித்தான்.

இதனால் உண்மையிலேயே தொற்று இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மட்டுமே நைட்ரைட் பாசிட்டிவ் ஆகிறது. மற்றவர்களிடம் நெகட்டிவ்தான். நைட்ரைட் பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் கிருமி இருப்பது பெரும்பாலும் உண்மை. நெகட்டிவ் என்றால் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாப்பக்க வலியும் இருக்கிற 68 வயதுச் சர்க்கரை நோயாளியை நைட்ரைட் நெகட்டிவ் என்ற ஒரே காரணத்தால் வீட்டுக்கு அனுப்பியது சரியல்ல. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

லூக்கோசைட் எஸ்டரேஸ் என்பது வெள்ளையணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி. தொற்றை எதிர்க்க வெள்ளையணுக்கள் சிறுநீருக்குள் வரும்போது இதுவும் வரும். மைக்ராஸ்கோப்பில் 'பஸ் செல்' என்று எண்ணுவதும் இதே வெள்ளையணுக்களைத்தான். சிறுநீர் சில மணி நேரம் வெளியில் கிடந்தால் அணுக்கள் உடைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். நொதி மட்டும் அப்போதும் பட்டையில் பதியும். அதனால் சில சமயம் பட்டை பாசிட்டிவ் ஆகவும் பஸ் செல் குறைவாகவும் வரும். ஆய்வகம் தப்பு செய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நைட்ரைட்டைவிட இந்தக் குறியீடு தொற்றைத் தவறவிடுவது குறைவு. ஆனால் தொற்று இல்லாமலும் பாசிட்டிவ் ஆகும். வெள்ளையணு வந்தால் எங்கோ அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். அந்த அழற்சிக்குக் காரணம் கல்லாக இருக்கலாம், சிறுநீரகக் காசநோயாக இருக்கலாம், ஏதோ ஒரு மருந்தால் சிறுநீரகத் திசு வீங்கியிருக்கலாம், பக்கத்தில் குடல்வால் அழற்சி இருக்கலாம். பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு கலந்து வருவதும் உண்டு.

உங்கள் அம்மாவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறாரா என்று பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். இதை எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை எப்போதும் மூன்று, நான்கு பிளஸ் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் லூக்கோசைட் எஸ்டரேஸ் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அந்த மாத்திரை எடுப்பவர் என்பதைச் சோதனையைப் படிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, பட்டையும் பஸ் செல்லும் சேர்ந்து பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தொற்று எந்த இடத்தில் என்று தெரியாது. கால்வாயின் கடைமடையில் தண்ணீரை மொண்டு பார்த்தால் கலங்கியிருப்பது தெரியும், வழியில் எந்த இடத்தில் கலங்கியது என்று தெரியாது. சிறுநீரும் கிட்னியில் உருவாகி, குழாய் வழியாக இறங்கி, பையில் தங்கி, பிறகுதான் டப்பாவுக்கு வருகிறது. வழியில் எங்கே கிருமி சேர்ந்திருந்தாலும் டப்பாவில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இடம் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மருந்து மாறுகிறது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டோயின், வாய்வழி ஃபாஸ்ஃபோமைசின் இரண்டும் அருமையான மருந்துகள். ஆனால் அவை சிறுநீரில் சேர்கிற அளவுக்குக் கிட்னித் திசுவில் சேர்வதில்லை. கிட்னித் தொற்றுக்கு அவற்றைக் கொடுத்தால் எரிச்சல் குறையும், காய்ச்சல் நிற்காது. கிட்னிக்கு வேறு மருந்து, பெரும்பாலும் கூடுதல் நாட்கள், பலருக்கு ஆரம்பத்தில் ஊசி. அதனால்தான் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சிறுநீரிலிருந்தே இடத்தைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டிருக்கிறார்கள்.

1960-களில் அமெரிக்காவில் தாமஸ் ஸ்டேமி என்ற அறுவை மருத்துவர் இரண்டு சிறுநீர்க் குழாய்களுக்குள்ளும் தனித்தனியாக நுண்குழாய் செலுத்தி, வலது கிட்னிச் சிறுநீரையும் இடது கிட்னிச் சிறுநீரையும் தனியாகச் சேகரித்தார். பதில் துல்லியமாகக் கிடைத்தது. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. 1967-இல் ஃபேர்லி என்பவர் வேறு வழி சொன்னார். சிறுநீர்ப்பையை மருந்து கலந்த நீரால் கழுவிச் சுத்தமாக்கிவிட்டு, அதன் பிறகு மேலிருந்து இறங்கும் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. இதுவும் சிரமமான வேலைதான். 1974-இல் ஒரு எளிய யோசனை வந்தது. கிட்னித் திசுவுக்குள் போன கிருமியின் மேல் உடம்பு எதிர்ப்புப் புரதத்தைப் பூசிவிடும், பைக்குள் மட்டும் இருக்கும் கிருமிக்கு அந்தப் பூச்சு இருக்காது, எனவே சிறுநீரில் வரும் கிருமியில் பூச்சு இருக்கிறதா என்று ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் போதும் என்றார்கள். கேட்க மிக அழகான யோசனை. ஆனால் பலரும் செய்து பார்த்தபோது பைத் தொற்றிலும் பூச்சு தெரிந்தது, கிட்னித் தொற்றில் சிலரிடம் தெரியவில்லை. ஆகவே அது வழக்கத்துக்கு வரவில்லை.

இந்த ஆய்வுகளால் ஒரு முக்கியமான விஷயம் தெரிய வந்தது. வெறும் நீர்க்கடுப்பு என்று வந்த பெண்களில் கணிசமானோருக்கு மேல்பாதையிலும் கிருமி இருந்தது. அதாவது கிட்னி வேறு, பை வேறு என்று நாம் போடுகிற கோடு உடம்புக்குள் அவ்வளவு தெளிவாக இல்லை. காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி ஆகியவைதான் கிட்னித் திசு பாதிக்கப்பட்டிருக்கிறது, ரத்தத்துக்கும் பரவக்கூடும் என்று நமக்குச் சொல்கின்றன. நீர்க்கடுப்பே இல்லாமல் கிட்னித் தொற்று வருவதும் உண்டு. "எரிச்சல் இல்லையே, அப்படியானால் யூரின் பிரச்சினை இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

சாதாரண யூரின் டெஸ்டிலேயே கிட்னியைக் கைகாட்டும் பழைய அடையாளம் ஒன்று உண்டு. வெள்ளையணு வார்ப்புகள், ரிப்போர்ட்டில் டபிள்யுபிசி காஸ்ட் என்று எழுதுவார்கள். கிட்னியின் நுண்குழல்களில் ஒரு புரதம் கெட்டியாகி அந்தக் குழலின் அச்சாகவே வெளியே வரும். அந்த அச்சுக்குள் வெள்ளையணுக்கள் சிக்கியிருந்தால் அவை கிட்னியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், பையில் இப்படி அச்சு உருவாகாது. நான் மதிக்கும் அடையாளம் இது. ஆனால் எளிதில் உடையும், உடனே பார்க்க வேண்டும், பார்ப்பவருக்குப் பழகிய கண் வேண்டும். கிட்னித் தொற்று உள்ள பலரிடம் இது கிடைக்காது. கிடைத்தாலும் தொற்று இல்லாத கிட்னி அழற்சிகளிலும் வரக்கூடியதுதான். இருந்தால் துணைச் சான்று, இல்லாவிட்டால் தொற்று இல்லை என்று அர்த்தமாகாது.

இனி நீங்கள் கேட்ட என்ஜிஏஎல். இது ஒரு சிறிய புரதம். லிப்போகாலின்-2 என்றும் சொல்வார்கள். முதலில் வெள்ளையணுக்களில் கண்டறிந்தார்கள், பிறகு கிட்னியின் குழல் செல்களும் இதைச் சுரப்பது தெரிந்தது. ஈ.கோலைக்கு வளர இரும்புச்சத்து வேண்டும். அதைப் பிடித்துவர எண்டெரோபாக்டின் என்ற ஒரு சின்ன மூலக்கூறை வெளியே அனுப்பும். என்ஜிஏஎல் அந்த மூலக்கூறை இரும்போடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி பட்டினி கிடக்கும். நம் உடம்பின் இந்தத் தற்காப்பைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் வியப்பாகத்தான் இருக்கும்.

இதை வைத்துக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. காய்ச்சலோடு வரும் கைக்குழந்தையால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அடிக்கடி சிறுநீர் கழிப்பதால் நைட்ரைட்டும் அவர்களிடம் உதவாது. சிறுநீர் என்ஜிஏஎல் அங்கே தொற்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பட்டையைவிட நன்றாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் அது கிட்னியிலா பையிலா என்ற கேள்விக்கு அவ்வளவு தெளிவான பதில் தருவதில்லை, ஏனென்றால் பைக்கு வரும் வெள்ளையணுக்களும் இதே புரதத்தைக் கொட்டும். மேலும் தொற்றே இல்லாமல் கிட்னி திடீரெனப் பாதிக்கப்பட்டாலும் சில மணி நேரத்துக்குள் இது ஏறும். கிட்னி பாதிப்பை முன்கூட்டிக் கண்டறியத்தான் இதை அதிகம் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். நாள்பட்ட கிட்னி நோயிலும் சர்க்கரையால் கிட்னி பாதிக்கப்பட்டவரிடமும் இது கூடுதலாகவே இருக்கலாம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், அளவு கூடியிருந்தால் அது எதனால் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் எடுத்தால் மாதாமாதம் ஒரு கவலை கிடைக்கும், அவ்வளவுதான். வேண்டாம்.

இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, கிம்-1, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று வேறு பல சிறுநீர்க் குறியீடுகளும் ஆய்வில் உள்ளன. கிட்னித் தொற்று உள்ளவர்களில் சராசரியாக இவை கூடுதலாக இருக்கின்றன. ஆனால் சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பைத் தொற்று உள்ளவரின் அளவும் கிட்னித் தொற்று உள்ளவரின் அளவும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடப்பதால் இந்த எண்ணுக்கு மேல் கிட்னி, கீழே பை என்று கோடு போட முடியவில்லை. தொற்றின்போது ரத்தத்தில் ஏறும் சிஆர்பி, புரோகால்சிடோனின் என்ற இரண்டு குறியீடுகளும் தொற்று எவ்வளவு தீவிரம் என்பதற்குக் கொஞ்சம் உதவும். அவையும் துணைக்குத்தான்.

கல்ச்சரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் கல்ச்சர் ஒன்றுதான் சொல்லும். கிட்னித் தொற்று என்ற சந்தேகம் வந்தால் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு டோஸ் போனாலும் கிருமி வளராமல் போகலாம். பிறகு மருந்து வேலை செய்யாவிட்டால் எதற்கு மாற்றுவது என்று இருட்டில் தேட வேண்டியிருக்கும். ஆனால் ரிசல்ட் வரும் வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரை எடுத்துக் கொடுத்த உடனே மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும்.

"ஒரு லட்சம்" என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் குறையும். 1950-களில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் வளர்ந்தால் அது வெளியிலிருந்து ஒட்டியதாக இருக்காது, உள்ளேயே இருப்பதாகத்தான் இருக்கும் என்று காட்டினார். கவனியுங்கள், கிருமி உள்ளே இருக்கிறது என்பதற்கான எண் அது. நோய் இருக்கிறது என்பதற்கானது அல்ல. காய்ச்சலும் விலாவலியும் உள்ளவரிடம் பத்தாயிரம் வளர்ந்தாலே நாங்கள் பொருட்படுத்துவோம். எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் ஒரு லட்சம் வளர்ந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுவோம்.

இதுதான் போன மாதம் உங்கள் அம்மாவுக்கு இருந்தது. அறிகுறியற்ற கிருமி இருப்பு என்று இதைச் சொல்வோம். 70 வயதைக் கடந்து வீட்டில் நலமாக நடமாடும் பெண்களிலேயே 10 பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலாகவோ இது இருக்கிறது. சர்க்கரை உள்ள பெண்களிடமும் ஏறத்தாழ இதே அளவு. பஸ் செல்லும் கூடவே இருக்கும், அதனால் பஸ் செல் இருப்பது மருந்து கொடுக்கக் காரணமாகாது. "சர்க்கரை நோயாளிக்கு விட்டால் கிட்னிக்கு ஏறிவிடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். இதே கேள்வியைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். இப்படித் தொந்தரவு இல்லாமல் கிருமி மட்டும் இருந்த 105 சர்க்கரை நோயுள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்டிபயாடிக்கும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்து, மூன்று ஆண்டுகள் வரை கவனித்தார்கள். முடிவு 2002-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்கு நோய் அறிகுறியோடு வரும் தொற்று குறையவில்லை, கிட்னித் தொற்றும் குறையவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்கள் மட்டும் பல மடங்கு கூடின. தேவையில்லாமல் மருந்து கொடுத்தால் அடுத்து வரும் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான கிட்னித் தொற்று வரும் நாளில் உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படும் மருந்தை இப்போதே வீணாக்குவது போலத்தான் இது. இதற்கு விதிவிலக்கு கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும். அவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் கிருமியைத் தேடிப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. சிறுநீர் முற்றிலும் சுத்தமாக இருந்தும் கிட்னியில் கடுமையான தொற்று இருக்கலாம். கல் குழாயை முழுவதும் அடைத்துவிட்டால் அந்தப் பக்கத்துச் சீழ் கீழே இறங்காது. நாம் சேகரிப்பது நன்றாக இருக்கும் மறு கிட்னியின் சிறுநீர். பட்டை, பஸ் செல், கல்ச்சர் எல்லாமே நெகட்டிவ் ஆக வரும், மேலே கிட்னி சீழ் கட்டி நிற்கும். ரத்தத்தின் வழியே கிட்னிக்கு வந்த கிருமி அங்கே சீழ்க்கட்டி உண்டாக்கினாலும் ஆரம்பத்தில் சிறுநீர் சுத்தமாக இருக்கலாம். அடைப்போடு சேர்ந்த தொற்றுக்கு மருந்து மட்டும் போதாது, உடனே குழாய் வைத்துச் சீழை வடிய விட வேண்டும், மணிக்கணக்கில்கூட தாமதிக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிட்னித் திசுவில் வாயு சேர்கிற அரிய, கொடிய வகைத் தொற்றும் வரும். இவை எதையும் சிறுநீர் சொல்லாது. ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே சர்க்கரை, கல், ஏற்கெனவே கிட்னிக் கோளாறு, ஒற்றைக் கிட்னி, கடுமையான வலி, ரத்த அழுத்தம் இறங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்கேன் சீக்கிரமே வேண்டும். சரியான மருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டாலும் ஸ்கேன் வேண்டும்.

சிறுநீரைச் சேகரிக்கும் முறையில் நடக்கும் தவறுகளும் ரிப்போர்ட்டைக் கெடுக்கும். முதலில் வருவதைக் கழித்துவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் கிருமி பெருகி எண்ணிக்கையே பொய்யாகிவிடும். ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல்கள் நிறைய என்றோ, பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்தன என்றோ வந்தால் தோல் பக்கத்திலிருந்து கலந்திருக்கலாம். அதை வைத்து மருந்து எடுக்க வேண்டாம், மறுபடி சரியாக எடுத்துக் கொடுங்கள்.

அம்மாவுக்கு அடுத்து எப்போதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் (ஃபாரன்ஹீட்டில் 100.4) காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி, நிற்காத வாந்தி, புதிதாகக் குழப்பமாகப் பேசுவது என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போன முறை கிட்னித் தொற்று வந்ததையும், நைட்ரைட் அப்போது நெகட்டிவ் ஆக இருந்ததையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்தெந்த மருந்துக்குக் கிருமி அடங்கியது என்ற பட்டியல் இருக்கும், அதைக் கையோடு கொண்டு போங்கள். முதல் நாள் மருந்தைத் தேர்வு செய்ய எந்தப் புதிய குறியீட்டைவிடவும் அந்தக் காகிதம் அதிகம் உதவும். முன்பு சொன்ன ஃப்ளோசின் வகை மாத்திரையோ மெட்ஃபார்மினோ எடுத்தால், காய்ச்சலும் வாந்தியுமாகச் சாப்பிட முடியாமல் இருக்கும் நாட்களில் அவற்றை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் உடனே கேட்டுவிடுங்கள்.

இப்போது அம்மா நலமாக இருக்கிறார் என்பதால் யூரின் கல்ச்சர் எடுக்க வேண்டாம். போன மாத மருந்துக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவும் வேண்டாம். அந்தச் செலவையும் அக்கறையையும் வேறு இரண்டு சோதனைகளுக்குத் திருப்புங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைக் காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். சர்க்கரை கிட்னியைத் தொட ஆரம்பித்துவிட்டதா என்பதைச் சிறுநீரில் நம்பகமாகச் சொல்லும் குறியீடு ஆல்புமின்தான். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாட்களில் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும், அப்போது எடுக்காமல் குணமாகிச் சில வாரங்கள் கழித்து எடுங்கள். கூடுதலாக வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், அடுத்த மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மறுபடி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.